முசுறுக் கூட்டோடு முத்துப்பேட்டைக்கு

புதன்கிழமை விடியற்காலை நாலே முக்காலுக்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் கும்பகோணம் வண்டி ஏறினேன். தை மாதக் கடைசி, பனி கொட்டிக்கொண்டிருந்தது. கையில் ஒரு மாற்றுப் புடவை, ஒரு சீப்பு, மடித்து வைத்த இரண்டு மல் துணிப் பைகள். பை என்றால் காய் வாங்குகிற பை இல்லை. என் தோள் உயரம் இருக்கும். ஓரமெல்லாம் இரட்டைத் தையல், வாயில் பாவாடை நாடா கோர்த்த சுருக்கு. நானேதான் தைத்தேன். கீழவாசலில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன், தையலைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பைகளில் எறும்பு பிடித்துக்கொண்டு முத்துப்பேட்டைக்குப் போவதுதான் என் பயணம். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். என் தம்பி அன்பழகனுக்கு முத்துப்பேட்டைக்குத் தெற்கே, கடலோரத்து மணல் பூமியில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்துச் சேர்த்த காசில் வாங்கிய இடம். கஜா புயலில் ஒரு மரம் மிச்சமில்லாமல் சாய்ந்தது. தம்பியும் அவன் மனைவி கலைச்செல்வியும் மறுபடியும் கன்று வைத்து வளர்த்தார்கள். முந்தின வருடம் முதல் பூ வந்தது, பூவில் தத்துப்பூச்சி விழுந்தது. தம்பி மருந்து அடித்தான், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடப் பார்க்காமல். மரத்தடியிலேயே சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் அவன் கண் திறக்கும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனி மருந்து வாடையே கூடாது, இன்னொரு தரம் உள்ளே போனால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் டீ தம்ளரைப் பிடித்தால் அவனுக்கு விரல் நடுங்கும்.

இந்த வருடம் மரமெல்லாம் பூத்துக் குலுங்குகிறது, கூடவே தத்துப்பூச்சியும் வந்துவிட்டது. அவன் கடைக்குப் போய் மருந்து வாங்கி வந்துவிட்டானாம். வெள்ளிக்கிழமை காலை அடிக்கப் போகிறானாம். கூலிக்கு ஆள் வைத்து அடியேண்டா என்று போனில் கத்தினேன்.

“என்னைச் சாய்ச்சது இன்னொருத்தனைச் சாய்க்காதா அக்கா? கூலி குடுத்துட்டா அவன் உசுரு நமக்குச் சொந்தமா?” என்றான். இப்படிப் பேசுகிறவனிடம் என்னத்தைச் சண்டை போடுவது, சொல்லுங்கள்.

கலைச்செல்வி ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர். அவள்தான் தனியாக எனக்குப் போன் போட்டாள். “அண்ணி, முசுறு கொண்டாங்க. முசுறு குடியிருக்கிற மாமரத்துல தத்துப்பூச்சி தங்காது, புடிச்சுத் தின்னுரும். புயலுக்கப்புறம் இங்க மரமும் போச்சு, முசுறும் போச்சு. உங்க பக்கம் ஆத்தங்கரைத் தோப்புல கெடக்கும். எனக்கு பிராக்டிகல் எக்ஸாம் நடக்குது, லீவு கெடைக்காது. ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, எல்லாக் கூடும் ஒரே மரத்துலேர்ந்து எடுக்கணும். வேற வேற குடும்பம்னா வெட்டிக்கிட்டுச் செத்துரும்.”

பங்காளிச் சண்டை எறும்பையும் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குச் சுவாமிமலை. தஞ்சாவூரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். என்னிடம் ரவிக்கை தைத்துக்கொள்ளும் ஓர் அம்மாவின் வீடு அங்கே இருக்கிறது. வீட்டுக்காரர் சாமி சிலை வார்க்கிறவர். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் காவிரிக் கரைவரை மாந்தோப்பு. அந்தம்மா காபி கொடுத்துவிட்டு, “வேணுங்கிற மட்டும் அள்ளிக்கிட்டுப் போங்க தாயி, மாங்கா பறிக்க ஒருத்தனும் மரத்துல ஏற மாட்டேங்கிறான்” என்றார். ஏணி போட்டுக் கிளையோடு வெட்டித் தர மரமேறும் ஆள் ஒருவரையும் சொல்லி வைத்திருந்தார். அவர் எறும்புக் கடிக்குப் பயந்து உடம்பு முழுக்கச் சாம்பல் பூசிக்கொண்டு வந்தார். அப்படியும் ஏறினதிலிருந்து இறங்கும்வரை அவர் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

முசுறு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிவப்பு எறும்பு, நீளக் கால். மண்ணில் குடியிருக்காது, மரத்தில் பச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்து வீடு கட்டும். நான் தாழ்ந்த கிளை ஒன்றின் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு இலைகளின் ஓரத்தை வரிசையாக நின்று பல்லால் கடித்துப் இருபது முப்பது எறும்புகள் இழுத்துப் பிடிக்கின்றன. இன்னொன்று தன் கூட்டத்துக் குஞ்சுப் புழுவை வாயில் கவ்விக்கொண்டு வந்து, இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் மாற்றி மாற்றித் தொட வைக்கிறது. புழுவின் வாயிலிருந்து வெள்ளை நூல் வருகிறது. ஊசி இல்லை, மெஷின் இல்லை, பிசிறு இல்லை. இத்தனை வருடம் தையலில் இருந்துவிட்டு இதைப் பார்க்காமல் இருந்தேனே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஒரே மரத்தில் பதினோரு கூடு கிடைத்தது. பை இரண்டும் நிறைந்தன. சுருக்கை இழுத்து மூன்று முடிச்சுப் போட்டேன். காதை வைத்தால் உள்ளே நெல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம்.

கும்பகோணத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பைகளை எட்டிப் பார்த்து, “உங்களுக்கு ஃப்ரீ, இதுக்கு லக்கேஜ் போடணும், என்னம்மா சமாச்சாரம்?” என்றார் நடத்துநர். மாவிலை என்றேன். பொய் இல்லை, மாவிலைதான். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் நாற்பது கிலோமீட்டர், முன் சீட்டுக்கடியில் பையைத் திணித்துவிட்டுக் கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டே போனேன். சம்பா அறுவடை நேரம். பாதி ரோட்டை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. அறுத்து முடித்த வயல்களில் தாளுக்கு நடுவே உளுந்து இரண்டிரண்டு இலை விட்டிருந்தது.

திருவாரூரில்தான் வினை ஆரம்பித்தது. திருத்துறைப்பூண்டி வண்டி நடத்துநர் பையைத் தொட்டார், தொட்ட விரலில் ஒன்று துணிக்கு வெளியே தலையை நீட்டிக் கடித்துவிட்டது. “இறங்கும்மா கீழ” என்றார். அடுத்த வண்டிக்கு வெயிலில் காத்திருந்தால் உள்ளே இருப்பது வெந்துவிடும் என்று பயந்து, மன்னார்குடி போகிற பேருந்தில் ஏறிவிட்டேன். சுற்று வழிதான், அங்கே போய் மாறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பக்கத்துச் சீட்டு அம்மா தன் கூடையை வைக்க இடம் வேண்டி என் பையைக் காலால் நகர்த்தினார். முடிச்சு நெகிழ்ந்ததோ என்னவோ, கூத்தாநல்லூர் வருவதற்குள் டிரைவர் உட்பட நாலைந்து பேர் துள்ளிக்கொண்டிருந்தார்கள். என் தையலில் ஓட்டை விழவில்லை, இதை அடித்துச் சொல்வேன். வண்டியை ஓரம் கட்டி, என்னையும் என் எறும்புகளையும் கூத்தாநல்லூர் கடைத்தெருவில் இறக்கிவிட்டார்கள். மணி பதினொன்றரை.

பேக்கரி வாசல் நிழலில் பைகளை வைத்துவிட்டு நின்றேன். அழுகை முட்டியது. கல்யாண மண்டபத்து நாற்காலிகளை இறக்கிவிட்டுக் காலி குட்டியானை வண்டியோடு நின்ற ஒருவர், கையில் டீயோடு பக்கத்தில் வந்தார். பெயர் சாதிக்.

“என்னக்கா, பையிலேர்ந்து சத்தம் வருது?”

“முசுறு தம்பி.”

“முசுறா? சட்டைக்குள்ள பூந்தா ஆளைக் கிறுக்காக்கிடுமே! அதைப் போயி ஊர் ஊராச் சுமக்கிறீங்க?”

தம்பி கதையைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. டீ தம்ளரைக் கடையில் வைத்துவிட்டு வந்தார். “நான் குவைத்துல பேரீச்சந்தோட்டத்துல மருந்து அடிக்கிற வேலைதான் பாத்தேன் அக்கா. மாஸ்க்கு, கோட்டு எல்லாம் குடுத்தாங்க. அப்படியும் சோத்துல கை வச்சா அந்த வாடைதான் வரும். எங்க அத்தா போன் போட்டு, சம்பாதிச்சது போதும் வாடான்னாங்க, வந்துட்டேன். ஏறுங்க. டீசலுக்கு அறுநூறு குடுங்க போதும்.”

வடபாதிமங்கலம் வழியாகத் திருத்துறைப்பூண்டி, அங்கிருந்து முத்துப்பேட்டை. வழி நெடுக நெல் காய்கிற ரோடு, ஆமை வேகம்தான். பைகளின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, ஒவ்வொரு வாய்க்கால் பாலத்திலும் வண்டியை நிறுத்தித் தண்ணீர் தெளித்தார் சாதிக். நான் கேட்கவே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி போகிற வேகத்தில் அவர் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்று மணிக்குத் தோப்பு. முத்துப்பேட்டையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், தெற்கே பார்த்தால் அலையாத்திக் காடு கோடு போட்டதுபோல் தெரியும். வேலி முழுக்கப் பூவரசு. பைகளை இறக்கி நிழலில் வைத்துவிட்டுச் சாதிக் கிளம்பினார். தம்பி வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“அக்கா சீரு கொண்டாருதுன்னு பாத்தா எறும்பு கொண்டாருது. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை என்ன பண்றதா உத்தேசம்?”

“உன்னை உசுரோட வச்சிருக்கிறதா உத்தேசம். தண்ணி குடுடா முதல்ல” என்றேன்.

அவன் என்னைத் தோப்புக்குள் கூட்டிப் போய் ஒரு பூங்கொத்தை உலுக்கிக் காட்டினான். சடசடவென்று மழைத் தூறல் சத்தம். அரிசியில் பாதிகூட இருக்காது ஒவ்வொரு பூச்சியும், பழுப்பு நிறம், ஆயிரக்கணக்கில் துள்ளித் துள்ளிப் போயின. அவை கழித்த பிசுபிசுப்பு இலையெல்லாம் வழிந்து, அதில் கரும்பூசணம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. “பாத்தியா? இந்த வாரம் விட்டா பூ பூரா கருகிடும். எறும்பை விடு, வேணாங்கலை. ஆனா வெள்ளிக்கிழமை காலைல நான் அடிச்சிடுவேன்” என்றான். வீட்டுச் சுவரோரம் புதுத் தெளிப்பான் ஒன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. பழையதைக் கலைச்செல்வி அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இரும்புக் கடையில் தூக்கிப் போட்டுவிட்டாளாம். பக்கத்தில் மருந்துப் பாட்டில்.

கலைச்செல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். மரங்கள் இளசு, ஒன்றின் கிளை இன்னொன்றைத் தொடவில்லை. முசுறு தரையில் இறங்கி நடக்க விரும்பாது, மேலேயே வழி வேண்டும் என்றாள். அதனால் மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருந்தது. பக்கத்து மனை வைரக்கண்ணு கடலுக்குப் போகிறவர். அவர்தான் தன் படகுக் கயிற்றைக் கொடுத்து, காலையில் தானே வந்து கட்டியும் கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு மரங்களில் கூடுகளைக் கிளையோடு தொங்கவிட்டுப் பையைப் பிரித்தோம். கழுத்து, காது, முழங்கை என்று எனக்கு ஒரு இடம் பாக்கி இல்லை. பொழுது சாய்வதற்குள் இரண்டு மரமும் சிவந்துவிட்டன.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தபோது அந்த இரண்டு மரங்களிலும் முசுறுகள் புதுக்கூடு தைக்கவே ஆரம்பித்திருந்தன. பூவை உலுக்கினோம், ஒரு பூச்சி துள்ளவில்லை. கலைச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். ஆனால் மூன்றாவது மரத்துக்குப் போகிற கயிற்று முடிச்சில் நூற்றுக்கணக்கில் குவிந்து நின்றன. ஒன்று முன்னால் வரும், மீசையை நீட்டித் தொடும், திரும்பிவிடும். அடுத்தது வரும், அதுவும் திரும்பும். ஒன்றுகூடக் கயிற்றில் கால் வைக்கவில்லை.

“கொஞ்சம் பொறுப்போம் அண்ணி, பழகிக்கும்” என்றாள். அவளுக்கு அன்று மதியம்தான் பள்ளிக்கூடம். மரத்தடியில் உட்கார்ந்துகொண்டோம். உனக்கு ஏன் எறும்பின் மேல் இத்தனை நம்பிக்கை என்று கேட்டேன். மண்ணை ஒரு கை அள்ளிக் காட்டினாள்.

“புயலுக்கப்புறம் கன்னு வச்சப்ப, மன்னார்குடில எங்க அப்பா தோப்புலேர்ந்து பெரிய மரத்தடி மண்ணைச் சாக்குல கொண்டாந்தேன். குழிக்கு ஒரு கூடை. உங்க தம்பி, மண்ணுக்கு மண்ணு கொண்டாராடான்னு ஊரைக் கூட்டிச் சிரிச்சாங்க. பாதித் தோப்போட மண்ணு தீந்துபோச்சு. மண்ணு போட்ட கன்னு எல்லாம் நின்னுச்சு, போடாத பக்கம் உப்புல பாதிக்கு மேல கருகிடுச்சு. மண்ணுல என்ன இருக்குங்கிறீங்க? வேருக்குள்ளயே குடியிருக்கிற ஒரு பூஞ்சை அண்ணி. கண்ணுக்குத் தெரியாத நூலா ஓடி, வேர் எட்டாத எடத்துலேர்ந்து தண்ணியும் சத்தும் இழுத்தாந்து குடுக்கும். மரம் சும்மா வாங்கிக்காது, இலையில செஞ்ச சர்க்கரையை அதுக்குக் குடுக்கும். இங்க வாங்க.”

வேலிக்கு இழுத்துப் போய்ப் பூவரசு இலை ஒன்றைத் திருப்பினாள். அடிப்பக்கம், காம்புக்குப் பக்கத்து நரம்பில் சின்னக் கீறல், அதில் ஒரு பொட்டுத் தேன். கறுப்பு எறும்பு ஒன்று அதில் வாயை வைத்துக்கொண்டிருந்தது. “பூ இல்லாத எடத்துல தேன் எதுக்கு? எறும்புக்குத்தான். தேனைக் குடிச்சுட்டு இலையைத் தின்ன வர்ற புழுவை வெரட்டும். கீழ பூஞ்சை, மேல எறும்பு, நடுவுல மரம். நாமதான் நடுவுல பூந்து மருந்து அடிச்சு எல்லாத்தையும் பிரிச்சு வக்கிறோம்.” இலையை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “பூ போனா அடுத்த வருஷம் பூக்கும். அவங்க போனா?”

வீட்டில் அரிசி டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, எறும்பு ஏறாமல் இருக்க மஞ்சள் கோடு கிழித்து வாழ்கிறவள் நான். இங்கே ஒரு எறும்பு கயிற்றில் ஏற வேண்டுமே என்று மாரியம்மனுக்குக் காசு முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு வைரக்கண்ணு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “கயிறு எப்படிக்கா? கல்லு மாதிரி நிக்கும் பாருங்க. சும்மாக் கயிறு ரெண்டு மழைக்குத் தாங்காதுன்னு ராவோட ராவா பழைய இன்ஜின் ஆயில்ல ஊறப் போட்டு எடுத்தேன். உப்புக்காத்து என்ன, ஒரு பூச்சி பொட்டு அண்டாது!”

நானும் கலைச்செல்வியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடலில் கயிற்றை நம்பி இருக்கிறவர் கயிற்றுக்கு என்ன செய்வாரோ அதை அக்கறையாகச் செய்திருக்கிறார். அந்த மனிதரை எப்படித் திட்டுவது? கலைச்செல்விதான் மெதுவாக, “அண்ணே, பூச்சி அண்டணும்ணே. அதுக்குத்தானே கட்டினோம்” என்றாள். அவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, அத்தனை கயிற்றையும் தானே அவிழ்க்க ஆரம்பித்தார்.

அவர் மனைவி இந்திராணி சத்தம் கேட்டு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கணவரைப் பிடிபிடி என்று பிடித்தார். “எறும்பு நடக்கிற கயித்துக்கு ஆயிலு! மூளைய எங்க அடகு வச்சே?” பிறகு என்னைப் பார்த்து, “எங்க கொட்டாய்ல வாளைக் கருவாடு தொங்கவிடுற கயிறு கெடக்குதுக்கா. எறும்பை வெரட்டி வெரட்டித்தான் எனக்குக் கை ஓஞ்சுபோவுது. அதைக் கட்டிப் பாருங்க” என்றார்.

கட்டினோம். நாற்றம் குடலைப் புரட்டியது, சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டேன். முடிச்சுப் போட்டுக் கையை எடுக்கவில்லை, ஒரு முசுறு கயிற்றில் ஏறியது. நின்றது. மீசையை ஆட்டியது. பிறகு ஓட்டமாக ஓடியது பாருங்கள்! பின்னாலேயே ஒன்று, இரண்டு, பத்து. வைரக்கண்ணு கை தட்டினார். “போவுது போவுது! நம்ம கயிறு இல்லாட்டியும் நம்ம வீட்டுக் கயிறுதானேக்கா” என்று சந்தோஷப்பட்டார். ஆனால் கருவாட்டுக் கயிறு ஆறாவது மரத்தோடு தீர்ந்துபோனது. அதற்கு மேல் வெறும் தேங்காய் நார்க் கயிறு கட்டினோம், அதில் ஒன்றிரண்டு ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பின. தோப்பில் மரங்களோ நாற்பதுக்கு மேல்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தம்பி பத்தாவது மரத்துப் பூங்கொத்தை உலுக்கினான். சடசடவென்று அதே சத்தம். “இன்னும் இருக்கு” என்றான், அவ்வளவுதான். கலைச்செல்வி அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அடக்க முடியவில்லை.

“ஏண்டா, உனக்குப் பூவைத்தான் கண்ணு பாக்குமா? ஆஸ்பத்திரில உன் வாயில நுரை தள்ளினப்ப என் கையிலதாண்டா தலை வச்சுக் கெடந்தே. அப்பாம்மா சேத்த மண்ணுன்னு சொல்றியே, அதுங்க மண்ணுக்காகவா கஷ்டப்பட்டுச்சுங்க? உனக்காகத்தாண்டா பட்டுச்சுங்க. அடி. அடிச்சுட்டு விழு. நான் தூக்க வர மாட்டேன்.”

அவன் நடுங்குகிற கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றான். நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

வெள்ளிக்கிழமை. நன்றாக விடிந்துவிட்டிருந்தது. தோப்புப் பக்கமிருந்து ‘உர்ர்’ என்று மோட்டார் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தேன். சுவரோரம் தெளிப்பான் இல்லை. பாட்டிலும் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

பனிக்குள் தம்பி நின்றான். முதுகில் நீலத் தொட்டி, கையில் குழாய். முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டவில்லை. புகைபோல் அவனைச் சுற்றிச் சாரல் நின்றது.

“அடப் பாவி!” என்று கத்திக்கொண்டே போய்க் குழாயைப் பிடுங்கினேன். அவன் விடவில்லை. நான் இழுக்க, அவன் இழுக்க, குழாய் என் பக்கம் திரும்பி முகத்தில் அப்படியே அடித்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் போய்விட்டது. செத்தோம் என்று நினைத்தேன். துப்பினேன், மறுபடி துப்பினேன். நாக்கு என்னவோ சொல்லியது. உதட்டை நக்கிப் பார்த்தேன். வெல்லம்.

“கத்தாதே அக்கா, ஊரு கூடிடும்” என்றான் அவன். “வெல்லத் தண்ணிதான். கருவாட்டுக் கயிறு ஆறாவது மரத்தோட முடிஞ்சுடுச்சுல்ல, அதுக்கு அப்பால அதுங்களுக்கு யாரு வழி காட்டுறது? கயித்துல மட்டும்தான் அடிக்கிறேன். பூவுல பட்டா பூசணம் புடிக்கும், எனக்குத் தெரியாதா?”

“மருந்து?”

“கடைக்காரர்கிட்ட நேத்தே பேசிட்டேன். சீல் உடைக்கலைன்னா திருப்பி எடுத்துக்கிறேன்னாரு. வண்டிப் பெட்டில வச்சிருக்கேன்.”

“நேத்து எப்படா பேசினே?”

“நீ திட்டிட்டுப் போய்ப் படுத்தியே, அப்ப.” என் முகத்தைப் பார்க்காமல் மறுபடியும் கயிற்றுக்கு நேராகக் குழாயைத் திருப்பினான். கை நடுக்கத்தில் சாரல் வளைந்து வளைந்துதான் போனது. பாதி கயிற்றிலும் பாதி மணலிலும் விழுந்தது. அடுப்படியிலிருந்து கலைச்செல்வியின் குரல் கேட்டது: “என்னங்க, டப்பால இருந்த வெல்லத்தையெல்லாம் யாரு எடுத்தது?”

நான் அங்கேயே மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. மூக்கில் வெல்லம் ஒழுகியது. மதியப் பேருந்தில் ஊருக்குத் திரும்புவதாக இருந்தேன், கடையில் கல்யாண ரவிக்கைகள் காத்திருந்தன. காத்திருக்கட்டும் என்று தோன்றியது.

அப்போது கழுத்தில் சுருக்கென்று ஒரு கடி. ஆவென்று கத்திக்கொண்டு தட்டக் கையை ஓங்கினேன்.

“தட்டாதே, தட்டாதே!” என்று தம்பி மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். நான் பிடித்திருந்த மரத்தை நிமிர்ந்து பார்த்தான். பின்னால் திரும்பி, வந்த வழியில் ஒவ்வொரு மரமாக எண்ணினான். மறுபடியும் ஒரு தரம் எண்ணினான்.

“இது பத்தாவது மரம் அக்கா,” என்றான். “மெதுவா எடுத்துக் கயித்துல விடு.”